கீழிருந்து இரண்டாவது ஓட்டை

என் மனைவியின் தம்பியை எல்லோரும் ‘நிதானம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவான் என்று கேலி செய்வார்கள். நூல் மில்லின் இன்ஜின் அறையில் இருபத்திரண்டு வருடம் நான்கு மாதம் வேலை பார்த்தவன். வேகம் ஏறாமலும் இறங்காமலும் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை. கொஞ்சம் ஆடினாலும் மாடியில் நூல் அறுந்துவிடும். மேஸ்திரி திட்டிக்கொண்டே படியிறங்கி வருவார். அத்தனை வருடத்தில் அவர் இறங்கி வந்தது ஏழு தடவை.

மில் மூடியபின் ஒரு பழைய சின்ன டிராக்டரை வாங்கினான். பெரிய வண்டி நுழைய முடியாத பதினொரு பழத்தோட்டங்களுக்கு அவன்தான் உழவு. ஐம்பத்தாறு வயதில் தொடங்கி ஐந்து வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

போன வருடம் பிப்ரவரியில் அந்த வண்டியின் கவர்னர் கையில் விரிசல் கண்டது. மேட்டில் இன்ஜின் திணறினால் பெட்ரோலைக் கூட்டிவிடுவதும், பாரம் குறைந்தால் குறைப்பதும் கவர்னரின் வேலை. அதற்கென்று இன்ஜின் பக்கத்தில் ஒரு தகட்டுக் கை நிமிர்ந்து நிற்கும். அதில் மேலிருந்து கீழாக வரிசையாக ஆறு ஓட்டைகள். ஒன்றில் ஸ்பிரிங் மாட்டியிருக்கும். கையைக் கழற்றி வெல்டிங் வைத்து, திரும்ப மாட்டினான். அன்றிலிருந்து இன்ஜினுக்கு நிலை இல்லை. சும்மா நிற்கும்போதே உறுமி ஏறும், செத்துவிடும்போல இறங்கும், மறுபடி ஏறும்.

அவன் செய்யாத வைத்தியம் இல்லை. கார்புரேட்டரை நான்கு முறை கழுவினான். பெட்ரோல் குழாயை மாற்றினான். கார்புரேட்டருக்குப் போகும் கம்பியை நிமிர்த்தினான். புது ஸ்பிரிங் இரண்டு வாங்கிப் போட்டான். கையைக் கழற்றிய அன்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைத்தது நான்தான்; அதனால் ஒவ்வொரு தடவையும் என்னிடம் கேட்பான்.

“அத்தான், ஸ்பிரிங் எந்த ஓட்டை?”

“கீழேருந்து ரெண்டாவது.”

“நோட்டுல இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப சரி.”

எங்கள் குடும்பத்தில் அதற்குமேல் பேச்சு கிடையாது. குழந்தைகள் பிறந்த நேரம் முதல் கூரைக்கு ஓடு மாற்றிய தேதி வரை என் நோட்டில் இருந்தால் அது கல்வெட்டு.

இந்த ஜூன் மூன்றாம் தேதி, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவுத் தோட்டத்தில் அவன் வண்டியைத் திருப்பும்போது இன்ஜின் திடீரென்று எகிறியது. வண்டி வேலியைப் பிய்த்துக்கொண்டு போய்க் கிணற்றுச் சுவரில் முட்டி நின்றது. சுவர் இல்லையென்றால் அவன் இல்லை. தையற்காரியான அவன் மனைவி சத்தம் போடவில்லை. பழைய இரும்பு வாங்குபவருக்குச் சொல்லி அனுப்பினாள். ஞாயிறு காலை பத்து மணிக்கு லாரியோடு வருவதாகச் சொன்னார்.

ஞாயிறு ஏழு மணிக்கே நிதானம் வண்டியடியில் உட்கார்ந்துவிட்டான். கடைசித் தடவை. எல்லாவற்றையும் முறைப்படி கழற்றி மாட்டி, இன்ஜினைக் கிளப்பினான். ஏறியது, இறங்கியது, ஏறியது. அணைத்துவிட்டு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தான்.

“மில்லுல இப்படி ஒரு நாள் ஆட விட்டிருப்பேனா, அத்தான்? எனக்கு வேலை மறந்துபோச்சு. எடுத்துட்டுப் போகட்டும்.”

அவன் மனைவி டீ கொண்டுவந்தாள். “பத்து மணி வரைக்கும் கொஞ்சிக்குங்க” என்று சொல்லிக் குனிந்தவள், அப்படியே நின்றாள். கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டினாள்.

“அண்ணா, ஸ்பிரிங் எப்பவும் இந்த ஓட்டையிலதான் இருந்ததா?”

“ஆமாம்மா. நோட்டுல இருக்கு.”

“தினம் போடுற பொத்தான் ஓட்டை இழுபட்டு நீண்டுபோகும். போடாதது தைச்சபடியே இருக்கும். இங்க மேலேருந்து ரெண்டாவது, முட்டை மாதிரி நீண்டு கெடக்கு. நீங்க மாட்டியிருக்கிறது வட்டமா, நேத்து போட்ட மாதிரி இருக்கு.”

நான் நோட்டைப் பிரித்தேன். ‘பிப்ரவரி 9, காலை 11.20. கை கழற்றி மேசைமேல் வைக்கப்பட்டது. ஸ்பிரிங்: கீழிருந்து இரண்டாவது.’ மறுபடி ஒரு தடவை வாசித்தேன். மேசையில் அந்தக் கை தலைமாடு கால்மாடாகக் கிடந்திருக்கிறது. நான் என் பக்கத்தைக் கீழென்று கொண்டு எண்ணியிருக்கிறேன்.

“நோட்டு தப்பாயிருக்குமா அத்தான்?” என்றான், அவனுக்கே நம்பிக்கை இல்லாமல்.

“நோட்டு என்னடா பண்ணும். எண்ணினது நான்.”

“பதினாறு மாசம்” என்றாள் அவள். “ஒருத்தர் எழுதினாராம், ஒருத்தர் நம்பினாராம். இடையில அந்த ஓட்டையை ஒரு தரம் பாக்க ஆளில்ல.”

அவன் ஸ்பிரிங்கை நீண்ட ஓட்டைக்கு மாற்றினான். கிளப்பினான். இன்ஜின் ஒரு தடவை உறுமி, பிறகு ஒரே குரலில் ஓடியது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். என் கடிகாரத்தில் ஆறு நிமிடம். டீயில் ஆடை படிந்தது. நான் மூச்சை எப்போது விட்டேன் என்று எனக்குத் தெரியாது. அது மட்டும் குறிப்பில் இல்லை.

“சும்மா நிக்கிறப்ப எல்லாரும் யோக்கியந்தான்” என்றாள் அவள். “சரிவுல ஓட்டிக் காட்டுங்க.”

கலப்பையை மாட்டி அதே சரிவுத் தோட்டத்துக்குள் இறங்கினான். நாங்கள் வேலியோரம் நின்றோம். மேட்டில் கலப்பை மண்ணைக் கவ்வியதும் இன்ஜின் ஒரு கணம் தாழ்ந்தது. தானாகவே நிமிர்ந்து, பழைய குரலுக்கு வந்தது. வண்டி கிணற்றுப் பக்கம் மெதுவாகத் திரும்பியது. ஒரு சால் முடிந்தது.

பத்து பத்துக்கு லாரி வந்தது. அவள் வாசலுக்குப் போய், “அது விக்கிறதுக்கில்ல. அந்தத் துருப்பிடிச்ச கேட்டை வேணா தூக்கிட்டுப் போங்க” என்று சொல்வது எனக்குக் கேட்டது. அவர் முனகிக்கொண்டே கேட்டைத் தூக்கினார்.

மூன்றாவது சாலில் நிதானம் வேலியருகே வண்டியை நிறுத்தினான். இன்ஜின் ஆடத் தொடங்கியதிலிருந்து அவன் இந்தத் தோட்டத்தில் வண்டியை இறக்கிய ஒவ்வொரு முறையும், திரும்பி வரும்வரை அவள் வேலியைப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறாள். இப்போது அங்கே நான் மட்டும்தான்.

“எங்க அவ?”

“தைக்கப் போயிட்டா.”

“பாக்கவே இல்லையா?”

“முதல் சால் வரைக்கும் பாத்தா. போதும்னுட்டா.”

அவன் சிரித்தான். கியரைப் போட்டு நான்காவது சாலுக்கு வண்டியைத் திருப்பினான்.