பீப்பாய் எண்ணெய்

என் அம்மாவின் கைவேகத்தைத் தொழிற்சாலையில் ஒருமுறை கடிகாரம் வைத்து அளந்தார்கள். நிமிடத்துக்கு நாற்பத்தெட்டு. அங்கே பிளாஸ்டிக் கையுறை செய்தார்கள். பீங்கான் கைகள் சங்கிலியில் வரிசையாகத் தொங்கிக்கொண்டு வரும். பிளாஸ்டிக் குழம்பில் முங்கி, அடுப்புக்குள் வெந்து, மறுபக்கம் வெளியே வரும். சூடு ஆறுவதற்குள் உறையை உரித்தெடுக்க வேண்டும். மற்ற பெண்கள் ஒரு கையால் பீங்கானைப் பிடித்து மறுகையால் உரித்தார்கள். அம்மா இடக்கையால் ஒன்று, வலக்கையால் ஒன்று என ஒரே வீச்சில் உரித்தாள். அதனால் பெயர் ரெட்டைக்கை. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயர் புழங்கியதாகத் தெரியவில்லை.

கையுறை போட்டுக்கொண்டு கையுறை உரிக்க முடியாது, ஒட்டிக்கொள்ளும். வெறுங்கைதான். ஒரே மாதத்தில் உள்ளங்கை வெடித்துவிடும். அதற்கான வைத்தியம் பக்கத்து அறையில், நீலப் பீப்பாய்களில் இருந்தது. பிளாஸ்டிக் இயல்பில் விறைப்பானது. அதைக் குழைய வைக்க ஓர் எண்ணெய் ஊற்றுவார்கள். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, லேசில் காயாது. பிளாஸ்டிக்கையே குழைய வைக்கிறது தோலைக் குழைய வைக்காதா என்று யாரோ ஒருத்தி யோசித்திருக்கிறாள். யோசனை பலித்தது. அதன் பிறகு எல்லாப் பெண்களும் மருந்துக்குப்பியில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மேற்பார்வையாளரின் மனைவிக்கும் ஒரு குப்பி போகும். பீப்பாய் எண்ணெய் என்று பெயர்.

நான் வயிற்றில் இருந்தபோது அம்மா கடைசி நாள்வரை வேலைக்குப் போனாள். எட்டாம் மாதத்தில் மேற்பார்வையாளர், வாத்து மாதிரி நடக்கிறாயே, வீட்டில் இருக்கக் கூடாதா என்று கேட்டாராம். “வாத்துக்குக் கை கிடையாதுங்க, எனக்கு ரெண்டு இருக்கு” என்று சொல்லிவிட்டு உரித்துக்கொண்டே இருந்தாளாம். இந்தக் கதையை ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். பஸ் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா எனக்கு ஒன்பது, தம்பிக்கு மூன்று வயதாக இருந்தபோது இறந்தார். அதற்குள் கையுறைத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் படுக்கை விரிப்பு துவைத்தாள். என்னை வேதியியல் படிக்கவைத்தாள். தையல்கூடப் படிக்கலாமே என்றவர்களை வாயால் விரட்டினாள்.

அந்த வாய் பிறகு என் பக்கம் திரும்பியது.

எனக்கு முப்பத்தொரு வயதில் சோதனை செய்தார்கள். கருமுட்டைக் கையிருப்பு நாற்பத்தைந்து வயதுக்காரிக்கு இருக்கும் அளவு என்றார் மருத்துவர். காரணம் தெரியாது என்றார். ஏழு வருஷ சிகிச்சையில் நான்கு முயற்சிகள் தோற்றன. அம்மாவுக்குக் காரணம் தெரியும். படிப்பு. சாப்பாட்டு மேசையில் என் கணவரைப் பார்த்து, “பொறுமைக்குப் பரிசு குடுத்தா உங்களுக்குத்தான் மாப்பிள்ளை” என்பாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். என்னிடம், காலையில் கண்ணாடிக் குழாய், மாலையில் கண்ணாடிக் குழாய், உனக்குள்ளே என்ன ஒட்டும் என்பாள். நான்காவது முயற்சி தோற்ற அன்றும் சொன்னாள்.

தம்பி மனைவிக்கு ஐந்தாம் மாதம். வயிற்றில் அரிப்பு. ஒரு ஞாயிறு மதியம் அம்மா வீட்டுக் கூடத்தில் நாங்கள் மூவரும் இருந்தோம். அம்மா அவள் வயிற்றைத் தடவிப் பார்த்து, எங்கள் காலத்தில் இதற்கெல்லாம் பீப்பாய் எண்ணெய்தான் என்றாள். காலையிலும் ராத்திரியும் வயிறு முழுக்கத் தேய்ப்பார்களாம். மேல்சட்டையை விலக்கித் தன் வயிற்றைக் காட்டினாள். இரண்டு பெற்ற வயிற்றில் ஒரு கோடுகூட இல்லை.

கையில் தடவியது எனக்குத் தெரியும். வயிறு அன்றுதான் தெரிந்தது. பீப்பாய் என்ன நிறம், தண்ணீரில் கலக்குமா, எவ்வளவு நேரத்தில் காயும் என்று கேட்டேன். அம்மா பெருமையாகப் பதில் சொன்னாள். எனக்கு அந்த எண்ணெயின் முழுப்பெயரும் தெரியும். குழந்தைப் பொம்மைகளிலும் ஆஸ்பத்திரிக் குழாய்களிலும் அது எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதுதான் என் வேலை. பதினான்கு வருஷமாக.

தம்பி மனைவிக்குத் தொலைபேசி வந்தது. எழுந்து அறைக்குள் போனாள். அம்மா அவள் போவதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“வயித்துல கோடு விழறதுக்கும் கொடுத்து வெச்சிருக்கணும். உனக்கு அந்தக் கவலை இல்ல.”

நான் குரலை உயர்த்தவில்லை. “நீ தேய்ச்சது மருந்து இல்லம்மா. பொம்பளைப் பிள்ளைக்கு ஆயுசுக்கும் வேண்டிய முட்டை அம்மா வயித்துலயே உண்டாயிடும். அந்த எண்ணெய் அதைக் கெடுக்கும். எனக்கு இல்லாமப் போனது நீ தேய்ச்சுத் தீர்த்தது.”

“தம்பிக்கு ஒண்ணும் ஆகலையே.”

“தம்பி வயித்துல இருந்தப்ப பேக்டரியே இல்ல.”

அம்மா யோசித்தாள். “எந்த மாசத்துல உண்டாகும்?”

“அஞ்சாம் மாசம்தான் அதிகம்.”

“அஞ்சுலதான் எனக்கு அரிப்பு வந்துது.” தன் கைகளைப் பார்த்தாள். “உறுதியாச் சொல்றியா?”

எங்கள் ஆய்வகத்தில் எந்த எண்ணையும் தனியாக எழுத மாட்டோம். பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறி போட்டு, எவ்வளவு பிசகலாம் என்பதையும் எழுத வேண்டும். அது இல்லாத தாளில் மேலதிகாரி கையெழுத்துப் போடமாட்டார். எலிகளிடம் அந்த எண்ணெய் செய்வது தெளிவாகத் தெரியும். மனிதர்களிடம் தொடர்பு இருக்கலாம் என்பதுவரை தெரியும். ஒருத்தியைக் காட்டி, இவளுக்கு இதனால்தான் என்று சொல்ல யாராலும் முடியாது. அன்று எனக்கு இதெல்லாம் தெரியும்.

“உறுதி” என்றேன்.

அதன் பிறகு அம்மா என்னை ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மருமகளின் வயிற்றைத் தொடுவதை அம்மா நிறுத்தினாள். அவள் குடிக்கும் தம்ளரைத் தொடுவதையும் நிறுத்தினாள். துணி சோப்பால் கை கழுவினாள். சலவைக்கூடத்துப் பழக்கம், முழங்கைவரை தேய்த்தாள். வெடிப்பு திரும்பி வந்தது. அத்தைக்கு என்மேல் என்ன கோபம் என்று தம்பி மனைவி அழுததாகத் தம்பி போனில் சொன்னான். வயதாகிறது என்றேன். பீப்பாய் எண்ணெய் உடம்பில் இரண்டு நாள்கூடத் தங்காது. முப்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கையில் ஒரு துளியும் இருக்க வழியில்லை. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். நான்கு மாதம் சொல்லவில்லை.

பிரசவ ஆஸ்பத்திரியில் அம்மா கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். கைகள் சுவெட்டர் பைக்குள் இருந்தன. “வாங்கிக்குங்க அத்தை” என்று தம்பி மனைவி குழந்தையை நீட்டினாள்.

“பொண்ணா?”

“ஆமா.”

அம்மா ஓரடி பின்னால் போனாள். தம்பி மனைவியின் முகம் மாறியதைப் பார்த்தேன். நீட்டிய கைகளை மெதுவாக மடக்கிக்கொண்டாள்.

தாழ்வாரத்துக்கு அழைத்துப்போய் அம்மாவிடம் சொன்னேன். அன்றைக்கு உறுதி என்றது தப்பு, உறுதியாக யாராலும் சொல்ல முடியாது, அப்படியே இருந்தாலும் இப்போது உன் கையில் எதுவும் இல்லை, போய்த் தூக்கு. கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தாள். மாதக்கணக்கில் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

“உனக்குப் பொய் சொல்ல வராதுடி. சின்னதுலேர்ந்தே வராது. அன்னைக்குச் சொன்னப்பவும் உன் மூஞ்சியைப் பார்த்தேன். இப்பவும் பார்க்கிறேன்.”

“அம்மா, நிஜமா.”

“போ. அவ தனியா இருக்கா.”

பத்தொன்பது நாள் கழித்து, கை கழுவும் தொட்டியடியில் விழுந்து இறந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. குழாய் திறந்தே இருந்தது.

செய்தி கேட்டு ஒரு கிழவி வந்தாள். கையுறைத் தொழிற்சாலையில் அம்மாவுக்கு அடுத்த இடத்தில் நின்று உரித்தவள். அம்மாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “ரெட்டைக்கை கையா இது? பளபளன்னு வெச்சிருப்பாளே” என்றாள். பிறகு என்னை ஏறிட்டு, நீ வயிற்றில் இருந்தபோது நானும் மாசமாக இருந்தேன், இரண்டு பேரும் ஒரே குப்பியில்தான் பீப்பாய் எண்ணெய் எடுத்து வயிற்றில் தேய்ப்போம் என்றாள்.

உங்களுக்கு என்ன குழந்தை என்று கேட்டேன்.

“பொண்ணுதான். அவளுக்கு இப்ப நாலு பிள்ளைங்க. வீடா அது, சந்தைக்கடை.”

ஒருத்தியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. என்னை வைத்தும்தான். அந்தக் கிழவி அம்மா வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தாள்.

தம்பி மனைவி குழந்தையோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை. பொண்ணுன்னு தொடாமலே போயிட்டாங்க என்று பக்கத்தில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்தினாள்.

“அத்தை அன்னைக்குச் சொன்ன எண்ணெய்தானே, அதுல என்ன அண்ணி?” என்றாள்.

“ஒண்ணுமில்ல. கை வெடிப்புக்கு” என்றேன்.