கட்டிங் மாஸ்டரின் தோள்

திருப்பூரில் ஒரு எலும்பு மருத்துவமனையில் நெடுங்காலம் பிசியோதெரபிஸ்டாக இருந்தவள் நான். இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிற பிள்ளைகள் என்னைப் பார்த்தால், "மேடம், பி.ஆர்.பி. ஊசி நல்லதா, கெட்டதா?" என்று கேட்கிறார்கள். ஊசியின்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. என் கோபமெல்லாம் ஆட்கள்மேல். அது இன்னும் ஆறவில்லை. ஆறவேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

1. ரத்தம் எடுத்த நாள்

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த பத்து வருடத்தின் கடைசிப் பகுதி அது. பி.ஆர்.பி. எங்கள் ஊருக்குப் புதிது. நோயாளியின் ரத்தத்தையே எடுத்து, ட்யூபில் போட்டு, சென்ட்ரிஃப்யூஜ் மிஷினில் சுற்றவிடுவோம். சிவப்பெல்லாம் அடியில் தங்கிவிடும். மேலே மஞ்சளாக நிற்கிற பிளாஸ்மாவில் பிளேட்லெட் செறிந்த பகுதியை மட்டும் எடுத்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே டாக்டர் கிழிந்த இடத்தில் போடுவார். காயம் ஆற உடம்புக்கு ஒரு கை கொடுக்கிறோம், அவ்வளவுதான். எல்லோருக்கும் பலிக்கும் என்று அன்றைக்கும் சொல்ல முடியாது, இன்றைக்கும் சொல்ல முடியாது.

ஜெயசீலன் நல்லூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சாத்தான்குளம் பக்கமிருந்து குடும்பத்தோடு பிழைக்க வந்தவர். நீள மேஜையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, அதன் ஊடே கட்டிங் மிஷினைத் தள்ளிக்கொண்டு போவது அவர் வேலை. தள்ளித் தள்ளி வலது தோளின் தசைநார் பாதி கிழிந்துவிட்டது. பாதிதான் கிழிந்திருந்தது என்பதை மனதில் வையுங்கள்.

அவரைக் கூட்டி வந்தவர் அவருடைய முதலாளி. செலவு முழுக்கக் கம்பெனியுடையது.

"ஏனுங்க டாக்டர், வெளிநாட்டுல விளையாடறவங்களுக்கெல்லாம் போடற ஊசியாமாங்க. நம்ம மாஸ்டருக்கும் அதையே போட்டு உட்டுருங்க. ஆர்டர் நெறையக் கெடக்குதுங்க" என்றார்.

எங்கள் டாக்டருக்கு வாயெல்லாம் பல்.

ஊசி போட்டதும் மாஸ்டரையும் முதலாளியையும் ஒன்றாக உட்கார வைத்து நான்தான் சொன்னேன். ஆறு வாரத்துக்கு அந்தத் தோளுக்கு வேலை கூடாது. முதலில் சில நாள் வலி கூடும். அங்கே வீக்கம் வந்துதான் காயம் ஆறத் தொடங்கும். அதனால் வீக்கத்தை அடக்குகிற வலி மாத்திரை எதையும் தொடக்கூடாது. ரொம்ப முடியாவிட்டால் பாரசிட்டமால் மட்டும்.

"இப்ப ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறீங்களா மாஸ்டர்?"

"ஒண்ணும் கெடையாது மேடம். மாத்திரையே நமக்கு ஆவாது."

முதலாளி எல்லாவற்றுக்கும் "செரீங்க, செரீங்க" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

2. ஆப்பிள் பை

மூன்றாவது வாரம் தோள் நன்றாக வந்துகொண்டிருந்தது. மாஸ்டர் கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் கையைப் போட்டுக்கொண்டு வருவார். நான் மெதுவாக அசைத்துக் கொடுப்பேன். அப்போது ஒருநாள் முதலாளி ஒரு பை ஆப்பிளோடு என் அறைக்கே வந்துவிட்டார்.

"மேடம், மாஸ்டர் வேலை ஒண்ணுஞ் செய்ய வேண்டாமுங்க. சும்மா வந்து மேஜைப் பக்கத்துல நின்னுட்டு, இருக்கற ஆளுங்களுக்கு யோசனை சொன்னாப் போதுமுங்க. கன்டெய்னர் போற நாள் வந்துருச்சுங்க."

"ஆறு வாரம்னு சொன்னனுங்களே?" என்றேன்.

"நீங்க சொன்னா செரியாத்தானுங்க இருக்கும். இருந்தாலும் டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கறனுங்க."

கேட்டார். நின்றுகொண்டு யோசனை சொல்வதில் தப்பில்லை என்று டாக்டர் அனுமதி கொடுத்துவிட்டார். நான் உள்ளே போய், "கட்டிங் மாஸ்டரை மேஜைக்குப் பக்கத்துல நிக்க வெச்சா அவரு சும்மா நிப்பாருங்களா சார்?" என்று கேட்டேன்.

"வருசம் பூரா நமக்கு ஆள் அனுப்பற கம்பெனிம்மா. கொஞ்சம் பாத்து நடந்துக்கோ" என்றார்.

பாத்து நடந்துக்கணுமாம்! நோயாளியின் தோளைப் பார்ப்பதா, கம்பெனியின் முகத்தைப் பார்ப்பதா? அந்த ஆப்பிள் பையைத் தூக்கி வெளியே எறியலாமா என்றுகூடத் தோன்றியது. ஆஸ்பத்திரியில் மற்றவர்கள் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள். நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

3. "வலியே இல்ல மேடம்"

அடுத்த வாரம் ஜெயசீலன் தொட்டில் இல்லாமல் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வலி சுத்தமாப் போயிட்டு மேடம். நல்ல ஊசி பாத்துக்கிடுங்க!"

கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னேன். தோள்பட்டை காதுவரை ஏறியது. கை கூடவே வரவில்லை. நானே தூக்கிப் பிடித்து, பிடியை விட்டேன். தொப்பென்று விழுந்தது. அவர் தன் கையை யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர் பண்ணுனீங்க?"

"கையாளு வெட்டுன பீஸெல்லாம் கோணக்கோணலாப் போச்சு மேடம். பாத்துக்கிட்டு நிக்க முடியல. மிஷினை நானே புடிச்சிட்டேன். வலிக்கவும் இல்லியே, அப்புறம் என்னன்னு ரெண்டு மூணு நாளா வெட்டிட்டிருக்கேன்."

"எப்படி வலிக்காம இருக்கும்? என்ன மாத்திரை போட்டீங்க?"

"மாத்திரையெல்லாம் ஒண்ணும் இல்ல. டீயோட குடுக்காவல்லா, அது மட்டுந்தான். அது எல்லாத்துக்கும் குடுக்கறது."

எனக்கு விளங்கவே சற்று நேரம் பிடித்தது. ஷிப்ட் முடிந்தும் வேலை ஓடுகிற நாட்களில் சாயங்காலம் டீயும் பன்னும் வரும். கூடவே சூப்பர்வைசர் ஒரு பிஸ்கட் டின்னில் டைக்ளோஃபெனாக் என்கிற, வீக்கத்தை அடக்கும் வலி மாத்திரையை வைத்துக்கொண்டு மேஜை மேஜையாக வருவார். இடுப்பு வலி, கை வலி, கால் வலி, எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். அவர் நீட்டுவார், இவர்கள் போட்டுக்கொள்வார்கள். அதை மருந்து என்று அங்கே யாரும் நினைப்பதில்லை. பன் எப்படியோ அதுவும் அப்படி. ஜெயசீலன் என்னிடம் பொய் சொல்லவில்லை.

ஆனால் முதலாளி? வலி மாத்திரை கூடாது என்று நான் சொன்னபோது எதிரில் உட்கார்ந்து தலையாட்டினாரே. அந்த மாத்திரையை வாங்கிப் போடுகிறவரே அவர்தானே!

4. கம்பெனியில்

அன்றைக்கே கம்பெனிக்குப் போனேன். "உக்காருங்க மேடம், காப்பி சாப்பிடறீங்களா?" என்றார் முதலாளி.

"வலி மாத்திரை கூடாதுன்னு உங்ககிட்டச் சொன்னனா இல்லீங்களா?"

"சொன்னீங்க. ஆனா நாங்க யாரையும் கட்டாயப்படுத்தறதில்லீங்க மேடம். வலிக்குதுன்னா பாத்துட்டு இருக்க முடியுங்களா? பாவம், நம்ம ஆளுங்க."

"வலிச்சா மனுசன் உக்காந்துக்குவான். உக்காரக் கூடாதுன்னுதானுங்க நீங்க மாத்திரை குடுக்கறீங்க!" என்று கத்திவிட்டேன். தையல் மிஷின்களின் சத்தத்தையும் மீறிக் கேட்டிருக்கும். சிலர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள்.

"சத்தம் போடாதீங்க மேடம். டிரைவர்கிட்டச் சொல்றனுங்க, உங்களைக் கொண்டு போயி உட்டுருவாங்க."

கொங்கு மரியாதையில் வளர்ந்தவள்தான் நானும். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுக்கொண்டே ஒரு மனிதனின் கையை முடமாக்க முடியும் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். நடந்தே திரும்பினேன்.

5. கடைசியாக

ஸ்கேனில் தசைநார் முழுக்க அறுந்திருந்தது. கோயம்புத்தூரில் அறுவை சிகிச்சை செய்து தைத்தார்கள். மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தும் கை தோளுக்கு மேலே ஏறவில்லை. மிஷினைத் தள்ள அந்தக் கையில் வலு இல்லை. கம்பெனி வேறு மாஸ்டரை வைத்துக்கொண்டது. "அந்த ஊசி வேஸ்டுங்க" என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, "ஓய்வு எடுங்கள்" என்று நோயாளியிடம் சொல்லிவிட்டால் நம் கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஓய்வு அவர் கையில் இல்லை. அது யார் கையில் இருக்கிறதோ அந்த ஆளோடு முன்னாலேயே சண்டை போடுங்கள். டாக்டர் முறைத்தாலும் போடுங்கள். தோள் அறுந்தபிறகு போடுகிற சண்டையால் ஒருவருக்கும் லாபமில்லை.

கடைசி நாள் பயிற்சி முடிந்ததும் ஜெயசீலன் எழுந்து போகவில்லை. சட்டையின் இடது கையை மடித்துவிட வலது கைக்கு வலுவில்லாமல், பல்லால் கடித்து மேலே இழுத்தார். நரம்பு தெரிகிற மாதிரி கையை என் முன்னால் நீட்டினார்.

"அந்த ஊசியை இன்னொரு தடவை போடுங்களேன் மேடம். என் ரத்தந்தான. எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க."

இனி அதனால் பிரயோஜனமில்லை என்று அவரிடம் நான்தான் சொன்னேன். சொல்லவேண்டிய டாக்டரும் முதலாளியும் அந்த அறையில் இல்லை.