வலைக் குண்டும் பல் முளைக்கும் பிள்ளையும்

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஏரிக்கரையில் குடியிருக்கும் இருளர்கள் நாங்கள். என் வீட்டுக்காரர் வீச்சு வலையில் மீன் பிடிப்பவர். வலை ஓரத்தில் கோத்த ஈயக் குண்டுகள்தான் பல் முளைக்கும் என் மகள் தர்ஷினிக்கு விளையாட்டுச் சாமான். தினவெடுக்கும் ஈறுக்குச் சில்லென்று இருக்குமே என்று நானும் சப்ப விட்டுவிட்டேன்.

தடுப்பூசி போட வந்த நர்சம்மா பார்த்துவிட்டு, "அத முதல்ல புடுங்குக்கா. ஈயம் உள்ள போனா மூளைக்கே கேடு. ரத்தம் பாத்துடலாம், கிளம்பு" என்றார். திருவண்ணாமலை ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் மகளைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன்.

"கொஞ்சம்தான் ஏறியிருக்கு. இனிமே வாயில வைக்காம பாத்துக்கோங்க, இறங்கிடும். மறுபடி வந்து காட்டுங்க" என்றார் டாக்டர். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

அன்றே வீட்டுக்காரர் ஈயத்தை அவிழ்த்துப் போட்டுவிட்டு இரும்பு நட்டுகளைக் கோத்தார். அவர் அண்ணன் சிரித்தார்: "ஈயத்தப் பாத்து இளிச்சுதாம் பித்தளை. உன் வலையப் பாத்து கெண்டையே இளிக்கப்போவுதுடா."

இளித்த கெண்டையே அந்த வலையில் சிக்க, குழம்பு வைத்து அவர் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினேன். இப்போது எங்கள் வலை எட்டாத கிளையில் தொங்குகிறது. தர்ஷினி சுத்தமான ஈரத்துணியைக் கடிக்கிறாள். மறு சோதனையில் ஈயமும் குறைந்திருந்தது.

நேற்று அண்ணன் வந்து, "எனக்கும் ரெண்டு கைப்பிடி நட்டு பாத்து வையிடா" என்றார். அவர் பேரனுக்குப் பல் முளைக்கிறதாம்.