புகை அளக்க வந்தவர்கள்

தெஹியோவிட்டப் பக்கம் எங்கள் தோட்டத்து ஆற்றில் சின்னப் பவர் ஹவுஸ் கட்டியபோது, கம்பிச் சல்லடை துப்புரவு செய்ய என்னை எடுத்தார்கள். அதற்கு முன்னால் ரப்பர் பால் வெட்டினேன். ஆற்றுத் தண்ணீர் இந்தச் சல்லடையைத் தாண்டித்தான் டர்பைனுக்குப் போகும். இலை அடைத்தால் தண்ணீர் குறையும், கரண்டும் குறையும். நான் நின்ற நேரத்தில் சல்லடை அடைத்ததே இல்லை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமும் இல்லை.

ஒரு நாள் சூப்பர்வைசர் ராமையா அண்ணன் நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துக்கு ஓடி வந்தார்.

"நாளைக்கு வெள்ளைக்காரர் ஒருத்தர் வாறாரு. புகைக் கணக்குப் பார்க்கவாம். கணக்கு சரியில்லாட்டி பவர் ஹவுஸுக்கு சர்டிபிகேட் இல்லையாம்."

"எந்தப் புகைண்ணே?" என்றாள் பக்கத்து வீட்டுச் செல்லம்மா.

"புகைன்னா புகைதான். நீ விடுற சுருட்டுப் புகையையும் சேர்த்துத்தான்!"

சிரித்தோம். ஆனாலும் பயம் பிடித்துக்கொண்டது. சர்டிபிகேட் இல்லையென்று பவர் ஹவுஸை மூடினால் என் வேலை போய்விடும். என் வீட்டுக்காரருக்கு மூச்சிழுப்பு. வேலைக்குப் போக முடியாமல் வீட்டோடு இருந்தார். என் சம்பளத்தில்தான் அவருக்கு மருந்து.

மறுநாள் லயத்தில் ஒருவரும் அடுப்பு மூட்டவில்லை.

அன்றைக்குப் பார்த்து மழைக்குளிர். அவருக்கு இழுப்புக் கூடிவிட்டது. சுடுதண்ணீர் குடித்தால்தான் நெஞ்சு இளகும்.

"வேணாம் புள்ள. அவங்க போகட்டும். உன் வேலை..." மீதியைச் சொல்ல அவருக்கு மூச்சு வரவில்லை.

"போனா போகுது. நீங்க பேசாம இருங்க."

அடுப்பை மூட்டினேன். ஈர விறகு. கூரைக்கு மேலே புகை திரண்டு எழும்பியது. அந்த நேரத்தில்தான் ஜீப் வந்து நின்றது. ஆற்றோரத்து ஆட்களிடமும் பேச வேண்டும் என்று அதில் வந்த சிங்கள இன்ஜினியர் மிஸ், வெள்ளைக்காரரைக் கூட்டிக்கொண்டு நேராக என் வாசலுக்கு வந்தார்.

"மிஸ், இந்த ஒரு அடுப்புதான். அவருக்குச் சுடுதண்ணிக்கு. எழுதிடாதீங்க மிஸ்."

மிஸ்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் வந்த ராமையா அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டே விஷயத்தைச் சொன்னதும், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ அம்மா, இந்தப் புகை இல்ல. கொழும்புப் பக்கம் எண்ணெய் எரிச்சுக் கரண்ட் எடுக்கிறது தானே? ஒரு யூனிட் கரண்டுக்கு எவ்வளவு புகை போகுதுன்னுதான் கணக்கு. உங்க ஆத்துக் கரண்ட் கம்பியில சேர்ந்தா, அங்க எண்ணெய் குறையும். நீங்க தானே அதைக் குறைக்கிறது."

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர், ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னார்: "நல்லாருக்கு. நாட்டுப் புகையக் குறைச்சுட்டு, என் மூக்குல மட்டும் போடுறா."

"அடியே, அடுப்பப் பத்தவைங்கடி! வந்தவங்களுக்கு ஒரு தேத்தண்ணி கூடக் குடுக்கல!" என்று செல்லம்மா கத்தினாள். கொஞ்ச நேரத்தில் லயம் முழுக்கப் புகை.

சர்டிபிகேட் கிடைத்தது. நானும் வேலையில் நின்றேன்.

வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். மேலே இருக்கிறவர்கள் சொல்கிற பேச்சு விளங்காவிட்டால், விளங்கும்வரை கேளுங்கள். ஆனால் வீட்டில் ஒருவருக்கு மூச்சு முட்டினால் யாரையும் கேட்க வேண்டாம். அடுப்பை மூட்டுங்கள்.