வெளியே தெரிந்த வால்

என் ஒரு வயது மகளுக்கு மிருகப் புத்தகம் வாங்க, அப்பாவும் நானும் ஸ்ரீரங்கத்துக் கடையில் நின்றோம். ஒரு புத்தகத்தில் மிருகங்களை மறைத்திருந்த அட்டைக் கதவுகளை அப்பா பத்துப் பத்துத் தடவை திறந்து மூடினார். "கீல் நிக்கும்மா. புள்ள பிச்சாலும் தாங்கும்."

புதுப் பசை வாசனை என்னைப் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு இழுத்துப் போனது. அங்கே அப்பா காலண்டர் அட்டையில் எனக்கொரு புத்தகம் செய்திருந்தார். பக்கத்துக்கு ஒரு வீடு. பழைய காக்கிச் சட்டைத் துணிதான் கதவுக்குக் கீல். திறந்தால் உள்ளே ஒரு மிருகம். மைதாப் பசையும் அப்பா விரலின் கிரீஸும் சேர்ந்து மணக்கும்.

புலி வீட்டைத் திறந்த அன்று வீறிட்டு அழுதேன். மறுநாள் அப்பா அந்தப் பக்கத்தை மறுபடி ஒட்டித் தந்தார்; மூடிய கதவுக்கு வெளியே புலியின் வால் தொங்கியது. உள்ளே யார் என்று தெரிந்துவிட்டதால் பயம் போய்விட்டது.

"பட்டறையில இம்மி பிசகாம வேலை பாக்குறவரு, ஒரு வாலுக்கு அளவு தெரியலையே!" என்று அம்மா சிரித்தாள். நானும் அதை இத்தனை வருஷம் அளவுப் பிழை என்றே நம்பியிருந்தேன்.

கடையில் அப்பா புலிப் பக்கத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். கதவை மூடி, சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்தார்.

"எல்லாம் சரிதாம்மா. வால் வெளிய தெரியலையே, புள்ள பயந்துக்காதா?"