ரேகை விழாத விரல்கள்

எம். புதுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனி. அதன் கேட் ஆபீஸில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் இசைவாணி. அப்பனும் ஆத்தாளும் பட்டாசு மருந்தோடு மல்லுக்கட்டிய குடும்பத்தில், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. இருக்கட்டுமே, பி.எஸ்ஸி. பட்டம் என்ன சும்மாவா வந்தது?

தினமும் காலையில் நூற்றிருபது பேர் மிஷினில் விரல் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வருஷக்கணக்காக அலுமினியப் பொடியும் கந்தகமும் அளைந்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? பதினோரு பேருக்கு என்ன தேய்த்தாலும் சிவப்பு விளக்குதான் எரியும். அதில் ஒருத்தி பக்கத்து வீட்டு வள்ளித்தாய். ஆத்தாள் விடியுமுன் வேலைக்குப் போய்விட, இசைவாணிக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அவள்தான். ரேகை எவ்வளவு பொருந்தினால் போதும் என்கிற அளவை, அந்தப் பதினோரு பேருக்கு மட்டும் இசைவாணி குறைத்து வைத்தாள். விளக்கு பச்சையானது.

அப்புறம் முதலாளி மகன் ஸ்ரீராம்குமார் பழைய விண்டோஸை எடுத்துவிட்டுப் புதுசு போடச் சொன்னார். போட்ட மறுநாளே பழையபடி சிவப்பு. கம்ப்யூட்டரை ஆன் பண்ணும் ஒவ்வொரு தடவையும் புது விண்டோஸ் அவள் வைத்த அளவைத் தூக்கிப் போட்டுவிட்டு, மிஷின் வாங்கும்போது இருந்த அளவையே ஏற்றியது. இசைவாணி விடவில்லை. நாலு வரியில் ஒரு ஃபைல் எழுதினாள். அதைத் தட்டினால் அவள் அளவு திரும்ப வந்துவிடும். ஆனால் அது தானாக ஓடவேண்டும் என்றால் அட்மின் பாஸ்வேர்ட் வேண்டும். அது ஸ்ரீராம்குமாரிடம் இருந்தது. ஆறு மாதம் கேட்டாள். ஆறு மாதமும் அவர் பார்க்கலாம் என்றார். ஒரு காகிதத்தில் எழுதித் தர அரை நிமிஷம் ஆகுமா? அதனால் அவளே தினமும் ஆறரைக்கு வந்து அந்த ஃபைலைத் தட்டினாள்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, காலையில் கேட்டுக்கு வராமல் லைசென்ஸ் பேப்பரோடு வீட்டிலிருந்து நேராக விருதுநகருக்குப் போகச் சொன்னார் ஸ்ரீராம்குமார். பதினோரு பேருக்கு ரேகை விழாதே என்று அவள் இழுத்தாள். ஒருநாள் விழாவிட்டால் குடியா முழுகிவிடும் என்று கேட்டார்.

அன்றைக்குப் பதினோரு பேருக்கும் சிவப்பு. லோடு நிற்கிறது, உள்ளே போங்கள், பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று போர்மேன் அனுப்பிவிட்டார். எழுதவில்லை.

பதினொன்றே முக்காலுக்கு ஏழாம் நம்பர் ரூம் வெடித்தது. ஒரு ரூமில் நாலு பேர்தான் இருக்கலாம் என்பது சட்டம். உள்ளே இருந்தது ஐந்து பேர், ஐந்து பேரும் போய்விட்டார்கள். வருகைப் பதிவில் நாலு பேர்தான். ஐந்தாவது ஆள் வள்ளித்தாய்.

சேதி கேட்டு இசைவாணி விருதுநகரிலிருந்து ஓடி வந்திருந்தாள். சாயங்காலம் ஸ்ரீராம்குமார் கேட் ஆபீஸுக்கே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வள்ளித்தாய் சித்தி வேலைக்கு வந்தாக சார். ரேகை விழல, அம்புட்டுதான். விழாமப் போனதெல்லாம் நேரத்தோட, விரல் படத்தோட மிஷின்ல இருக்கு" என்றாள் இசைவாணி.

"இருக்குன்னு தெரிஞ்சுதாம்மா வந்தேன்" என்றார் அவர். சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். பாஸ்வேர்ட். "அதை அழிச்சுரு. அப்படியே நீ கேட்ட செட்டிங்கையும் நிரந்தரமாப் போட்டுக்க. ஆமா, அளவைக் குறைச்சியே, யாரைக் கேட்டுக் குறைச்ச? நாளைக்குப் போலீஸ் கேட்டா நான் யாரு பேரைச் சொல்லட்டும்?"

அவள் காகிதத்தை எடுத்துக்கொண்டாள். பயம்தான், வேறொன்றுமில்லை. அழித்தாள். பிறகு அந்த நாலு வரியைத் தானாக ஓடும்படி வைத்தாள். மொத்தமே பத்து நிமிஷம். மூன்று தடவை கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். அளவு மாறாமல் நின்றது. அந்த நேரத்திலும் வேலை சரியாக முடிந்ததில் மனசுக்குள் ஒரு திருப்தி எட்டிப் பார்த்ததே, அதற்காக அவள் தன்னையே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது.

நஷ்டஈடு தருவதாக நாலு வீட்டுக்குக் கம்பெனிக் கடிதம் போனது. வள்ளித்தாய் அனுமதியில்லாமல் உள்ளே நுழைந்தவள் என்று போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். அவளோடு கேட்டில் நின்ற பத்துப் பேரும் வாயைத் திறக்கவில்லை. அவர்களுக்கும் சீசன் முடியும்வரை வேலை வேண்டுமே.

ஐந்தாம் நாள் காலையில் வள்ளித்தாயின் புருஷன் முத்துக்கருப்பன் கேட் ஜன்னலுக்கு வந்தார். அவருக்குப் பின்னால் வரிசையில் ஒவ்வொருவராக விரல் வைத்தார்கள். எல்லாருக்கும் பச்சை.

"ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாக தாயி. அவ திருட்டுத்தனமா உள்ள போனான்னு சொல்றாக. அன்னைக்கு அவ வேலைக்கு வந்தாளா, இல்லையா? நீயே பாத்துச் சொல்லு."

இசைவாணி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, அந்தத் தேதியை எடுத்துத் தேடுவது போலத் தேடினாள்.

"சிஸ்டத்துல இல்ல சித்தப்பா."

அவர் ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"நம்ம வீட்டுப் புள்ள, படிச்ச புள்ள. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும் தாயி" என்றார்.