ரசாயனம் தெரியாதவளுக்கு நான் சொன்ன யோசனை

பிரெஞ்சுக்காரர்கள் போனபின் அப்பா என்னைப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்து, பெண்கள் ஹைஸ்கூலில் நாலாம் பாரத்தில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், சேர்த்தார். பிரெஞ்சுப் பள்ளியிலேயே இரண்டு வருஷம் ரசாயனம் படித்தவள் என்ற பெருமை எனக்கு உண்டு. கேட்டவர்களிடமும் சொல்வேன், கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

என் பெஞ்சில் குருசுக்குப்பத்துப் பெண் ஒருத்தி. அவள் அம்மா மீன் விற்பவர். ஒருநாள் சயின்ஸ் டீச்சர் ஆளுக்கொரு மடவை மீனைக் கொடுத்து அறுக்கச் சொன்னார். அவள் செவுள், ஈரல், குடல், காற்றுப்பை என்று ஒன்றும் கிழியாமல் எடுத்து வரிசையாக வைத்தாள். நான் கத்தியை வைத்ததும் பித்தப்பை உடைந்து எல்லாம் பச்சையாகிவிட்டது. "பித்தப்பைய ஒடச்சிட்டியேடி, இனிமே கொழம்பு கசக்குமே" என்றாள். வகுப்பே சிரித்தது. அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது.

ஐந்தாம் பாரத்துக்கு விருப்பப் பாடம் எழுதிக் கொடுக்கும் வாரம் குழாயடியில் என்னைப் பிடித்தாள். "உன்ன ஒண்ணு கேக்கணும். பயாலஜி எடுக்கணும்னு ஆச. பெரியாஸ்பத்திரியில நர்சாப் போவணும். ஆனா எனக்கு ரசாயனம் ஒண்ணும் தெரியாது. அது இல்லாம சமாளிக்க முடியுமா? ஒரு தடவ பெயிலானாலும் வூட்ல நிறுத்திடுவாங்க."

எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நரம்பில்லாத நாக்கு சும்மா இருக்குமா?

"ரெண்டு வருஷம் படிச்ச எனக்கே பயமா இருக்கு. உன்னால முடியாது. சரித்திரம் எடு" என்றேன்.

"நல்லவேள, உன்னக் கேட்டேன்" என்று போய்ச் சரித்திரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

பயாலஜி வகுப்பில் தேவைப்பட்ட ரசாயனம் எவ்வளவு தெரியுமா? மூச்சில் உள்ளே போவது என்ன, வெளியே வருவது என்ன, வயிற்றில் சுரக்கும் அமிலம், கஞ்சியில் அயோடின் விட்டால் நீலமாவது. டீச்சர் நாலே நாளில் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டார். என் பெருமைக்குரிய ரசாயனமோ பிரெஞ்சில் இருந்தது. நைட்ரஜனை 'அசோத்' என்று எழுதி வைத்து, இது என்ன கூத்து என்று திட்டு வாங்கினேன்.

ஐந்தாம் பாரத்தின் முதல் மாதம் முடியும்வரை பாடத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று டீச்சர் வகுப்பு வகுப்பாக வந்து சொன்னார். அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்து நோட்டில் எதையோ எழுதினேன். முதலில் சொன்னது அவசரப் புத்தி என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு என்ன சொல்வது?

வருஷங்களும் ராஜாக்களும் அவளுக்குத் தலையில் ஏறவில்லை. பெயிலானாள். சொன்னபடியே நிறுத்திவிட்டார்கள். அம்மாவோடு மீன்கூடை தூக்கப் போனாள். அவளைத் தூரத்தில் கண்டால் நான் வேறு தெருவில் திரும்பிவிடுவேன்.

நான் கல்லூரியில் இருந்தபோது ஒருநாள் அவள் தங்கை யூனிபாரத்தோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"பயாலஜி எடுக்கணும்க்கா. ரசாயனம் தெரியாம எடுக்கலாமான்னு உங்களக் கேட்டுட்டு வரச் சொல்லிச்சு எங்கக்கா."

"தாராளமா எடும்மா. நாலு நாள்ல புரிஞ்சிடும்."

"அப்ப எங்கக்காவால மட்டும் ஏன் முடியாதுன்னு சொன்னீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்கப் போவதில்லை.

"அப்பப் பாடம் வேறம்மா. ரொம்பக் கஷ்டம்" என்றேன்.

"அக்காவும் அதான் சொல்லிச்சு. எங்கக்காவுக்கு உங்கமேல ரொம்ப நம்பிக்க" என்று கையிலிருந்த இலைப் பொட்டலத்தை நீட்டினாள். "இத உங்களுக்குக் குடுக்கச் சொல்லிச்சு. அக்காவே ஆஞ்சி சுத்தம் பண்ணிருக்கு."

உள்ளே இரண்டு மடவை. அம்மா அப்படியே குழம்பு வைத்தாள். துளிக்கூடக் கசக்கவில்லை. வெட்கமில்லாமல் நானும் சாப்பிட்டேன்.